வியாழனுக்கு முன் ஒரு பாட்டு

மே மாத வெயிலில் மப்ளரைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, பிளாஸ்கிலிருந்து ஒரு மிடறு வெந்நீர் விழுங்கி, "ஆ..." என்று மெதுவாக இழுத்துப் பார்க்கிறார் சவரிநாதன். குரல் இருக்கிறது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் இழுக்கிறார். அதற்குள் போயிருந்தால் என்ன செய்வது?

நாளை வியாழக்கிழமை அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். தைராய்டு கட்டி. "பேச்சுக்குப் பயமில்லை, பாட்டுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது" என்று டாக்டர் சொன்னதிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"நாப்பது வருஷமா ஒருத்தரும் உன்னப் பாடச் சொல்லல. இப்ப இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்கிறார் மனைவி ஜானட். "கட்டி போய்த் தொலஞ்சா போதும்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திகினு கீறேன் நானு."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ராயபுரத்தில் சவரிநாதனைத் தெரியாதவர் இல்லை. பாடகர் சவரிநாதனைத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1978-இல் ஒரு சின்னக் கம்பெனி அவருடைய நான்கு காதல் பாட்டுகளை இசைத்தட்டாகப் போட்டது. இரண்டு வயலின், ஒரு கிட்டார், நடுவே வெல்லப்பாகாக இவர் குரல். ரேடியோவில் ஆறு மாதம் ஓடியது. அப்புறம் கம்பெனியை மூடிவிட்டார்கள், ஊரும் மறந்துவிட்டது.

அவர் மட்டும் மறக்கவில்லை. துறைமுகத்தில் மேஸ்திரியாகப் பதவி உயர்வு வந்தபோது, "கத்தற வேல நமக்கு வாணாம் சார், தொண்ட பூடும்" என்று மறுத்து, ஸ்டோர் ரூமிலேயே ரிட்டயர் ஆனவர். ஐஸ் தொடமாட்டார். சண்டையைக்கூடத் தாழ்ந்த குரலில்தான் போடுவார். எதிராளி "இன்னா? இன்னா?" என்று கேட்டே அலுத்துப் போவான்.

வீட்டிலிருந்த ஒரே இசைத்தட்டும் அவர் கையாலேயே போயிற்று. உப்புக்காற்றில் பூசணம் பிடிக்கிறதே என்று அதைக் கழுவி, மொட்டை மாடியில் நெத்திலி காயும் பாயில் நெத்திலியோடு நெத்திலியாகக் காயப்போட்டார் புண்ணியவான். ஒரே மதியத்தில் அப்பளமாக நெளிந்துவிட்டது. இனி அந்தப் பாட்டுகள் மிச்சமிருப்பது அவர் தொண்டையில்தான். அங்கேதான் நாளைக்குக் கத்தி வைக்கப் போகிறார்கள்.

ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடும் ஃப்ரெடிக்கு இதைக் கேட்டதும் மனசு தாங்கவில்லை. காலையிலேயே மைக்கோடு வந்து உட்கார்ந்துவிட்டார். "ஒரே ஒரு பாட்டு நைனா. ரெகார்ட் பண்ணிக்கலாம்."

எங்கே பண்ணுவது? வாசலை உரசிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. வீட்டுக்கு நேராக நிற்கும் லாரிக்காரனுக்குப் பொறுமை போய்விட்டது. முன்னால் நிற்பவனை நகரச் சொல்லி நிமிடத்துக்கு ஒரு தரம் ஹாரனை அமுக்குகிறான். சவரிநாதன் முதல் வரியை எடுத்தால் ஒரு ஹாரன். திரும்ப எடுத்தால் இன்னொன்று. ஜன்னலைச் சாத்தியும் பிரயோசனமில்லை. ஏழு தடவை ஆயிற்று. பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகவேண்டும். இப்போதே பதினொன்றே கால். மப்ளரை அவிழ்க்கிறார், சுற்றுகிறார்.

"வுட்டுடு ஃப்ரெடி. நம்ப கொடுப்பின அவ்ளோதான்." கண் கலங்கிவிட்டது அவருக்கு.

ஆஸ்பத்திரிப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்த ஜானட் நிமிர்ந்து பார்க்கிறார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறார்.

"கடைசியா ஒரு தபா, நைனா" என்று ஃப்ரெடி கெஞ்ச, சவரிநாதன் கண்ணை மூடி எடுக்கிறார். முதல் வரி போகிறது. இரண்டாவதும் போகிறது. இதோ வரும், இதோ வரும் என்று ஹாரனுக்குக் காதைத் தீட்டிக்கொண்டே பாடுகிறார். பல்லவி முடிந்து சரணமே வந்துவிட்டது, ஹாரனைக் காணோம். பாட்டை விடாமல் ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்க்கிறார்.

எழுபது வயது ஜானட், லாரியின் படிமேல் ஏறி நின்று, ஒரு கையால் கதவைப் பற்றிக்கொண்டு, மறு கையை உள்ளே விட்டு டிரைவரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறார்.