டைம்கீப்பர் வாங்கிய நல்ல பெயர்

கப்பலூரில் எங்கள் போல்ட் கம்பெனியை மூடிய அன்று, வருகை எழுதும் டைம்கீப்பர் வாசல் கேட்டுக்கு முன்னால் ஒரு மஞ்சள் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கோயில் உண்டியலுக்குக் காவல் நிற்பவர் முகத்தில்கூட அவ்வளவு பக்தி இருக்காது. வேலை போனவர்கள் ஒவ்வொருவராக வந்து டோக்கனைப் போட்டோம். காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தோம். கடைசியாக, சர்க்கார் மருத்துவக் காப்பீட்டு கார்டையும் போட்டோம். கம்பெனி மூலமாக வந்தது கம்பெனிக்கே சொந்தம் என்று நினைத்த மடையர்கள் நாங்கள். எனக்குப் பக்கத்து லேத்தில் நின்ற பேரையூர் அண்ணன், அப்போதே இருமிக்கொண்டிருந்தவர், தன் கார்டை வேட்டி முனையால் துடைத்துவிட்டுப் போட்டார்.

அதன்பின் அவர் ஊரில் கிணறு வெட்டும் கூலிக்குப் போனார். சளியில் ரத்தம் வருகிறது, படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுத்தால் யார் சோறு போடுவது? வெயிலில் மண் சுமந்துகொண்டே இருந்தார்.

இரண்டு மாதம் கழித்து, மில்லில் வேலை பார்க்கும் என் மச்சினனோடு காப்பீட்டு மருந்தகத்துக்குப் போனேன். மிக்ஸர் மருந்து வாங்கும் வரிசையில் காலி பாட்டிலோடு நிற்கிறார் டைம்கீப்பர். சட்டைப்பையில் அவருடைய கார்டு.

“கம்பெனி மூடிட்டா இது செல்லாதுல்ல சார்?” என்றேன்.

“யாருப்பா சொன்னது? சம்பளத்துல பணம் பிடிச்சதுக்குக் கொஞ்ச மாசம் செல்லும். நோவுன்னு டாக்டரு எழுதிக் குடுத்தா, படுத்துக்கிட்டே பாதிச் சம்பளம் வாங்கலாம்.”

“அப்ப எங்க கார்டை எதுக்கு வாங்குனீங்க? மொதலாளி கேட்டாரா?”

“அவரு எங்க கேட்டாரு? எல்லாத்தையும் ஒப்படைச்சா நமக்கு ஒரு நல்ல பேருல்ல? அவரு பையப் பிரிச்சுக்கூடப் பாக்கல. எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கு.”

கெட்டவனாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். கெட்டவனுக்கு ஏதோ ஒரு லாபமாவது இருக்கும். இந்த மனிதர் யாருமே கேட்காத விசுவாசத்தைக் காட்ட, எங்கள் வாயிலிருந்த சோற்றைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தார்.

அவர் வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு அன்றே பேரையூருக்கு பஸ் ஏறினேன். அண்ணன் கார்டைக் கையில் வாங்கவில்லை. எலும்பும் தோலுமாக உட்கார்ந்து, என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “தம்பி, டைம்கீப்பர் சம்மதிச்சாரா?”

சம்மதித்துவிட்டார் என்று சொன்ன பிறகுதான் வாங்கினார். மறுநாள் மதுரைக்குக் கூட்டிவந்தேன். டாக்டர் பார்த்து, படுக்கையும் கொடுத்து, பாதிச் சம்பளத்துக்கும் எழுதிக் கொடுத்தார். நுரையீரலில் மிச்சம் ஒன்றுமில்லை, முன்பே வந்திருக்கலாமே என்றார். முதல் பணம் வருவதற்குள் அண்ணன் போய்விட்டார்.

போன மாதம் தல்லாகுளத்தில் ஒரு கல்யாண வீட்டில் டைம்கீப்பரைப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கம்பெனி மூடியபோது ஒரு டோக்கன் குறையாமல் ஒப்படைத்த கதையைப் பந்தியில் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குறுக்கே புகுந்து, பேரையூர் அண்ணனை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

பாயசத்தை உறிஞ்சிவிட்டு யோசித்தார்.

“எந்த ஷிப்டுப்பா?”