பூ வூட்டு நடைபாதை

உத்திரமேரூர் போகும் டவுன் பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. கண்டக்டர், "பூ வூடு எறங்கு" என்பார். நைனா வைத்த காகிதப்பூ வேலிதான் காரணம். சுற்றுச்சுவரின் வெளிப்பக்கம் முழுக்கக் கருஞ்சிவப்பாகப் பூத்துச் சாலையை நோக்கிச் சாய்ந்து கிடக்கும். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை உண்டு.

சாலவாக்கம் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் பேயாய்ப் பறக்கும் சாலை அது. அதனால் காலனியிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் பஞ்சாயத்தில் சிவப்புச் சிமெண்டுக் கல் பதித்து நடைபாதை போட்டிருந்தார்கள். எங்கள் வீடு நடுவில். வேலியின் மூலைக்கு வந்ததும் பாதை முள்ளுக்குள் போய்விடும். நடப்பவர்கள் அங்கே ரோட்டில் இறங்கி, வீட்டைக் கடந்ததும் மறுபடி ஏறிக்கொள்வார்கள். நான் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். மழை எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காததுபோல இதையும் நான் யோசித்ததில்லை.

பஞ்சாயத்திலிருந்து எப்போதாவது ஒருவர் வந்து தயங்கி நிற்பார். நைனா அவரை உட்காரவைத்து காபி கொடுத்து, "நாளைக்கே வெட்டிடறேன்பா" என்பார். மறுநாள் காலையில் வேலிக்கு அவரே தண்ணீர் ஊற்றுவார்.

நான் ஐந்தாவது படித்தபோது என் பக்கத்தில் உட்காரும் பெண் காலனியிலிருந்து வருவாள். அவள் அம்மா அங்கன்வாடியில் சமைப்பவர். இருவரும் சேர்ந்தே வருவார்கள். தீபாவளி முடிந்த வாரம், விடாத தூறல். நான் யூனிஃபார்மோடு கேட்டில் நின்றிருந்தேன். அந்த அம்மா ஒரு கையில் அங்கன்வாடிக்கான முட்டை அட்டையும் மறு கையில் மகளுமாக எங்கள் வேலியோரம் ரோட்டில் இறங்கினார். பின்னால் வந்த டிப்பர் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியது. அவர் மகளை வேலிப்பக்கம் தள்ளிவிட்டதைப் பார்த்தேன். அடுத்து அவர் ரோட்டில் கிடந்தார். முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கம் திரும்பியிருந்தது. முட்டைகளெல்லாம் உடைந்து மழைத் தண்ணீரில் மஞ்சளாக ஓடின. என் தோழி முள்ளில் மாட்டிக்கொண்டு, அழக்கூடச் செய்யாமல் நின்றாள்.

முதலில் ஓடிவந்தது நைனாதான். லாரியை மறித்து டிரைவரின் சட்டையைப் பிடித்தார். ஆட்டோவைக் கூப்பிட்டு அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கூடியிருந்தவர்கள், "நல்ல நேரத்துல நீங்க இருந்தீங்க" என்றார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

தீபாவளிக்கு வந்திருந்த அத்தை, நைனாவின் தங்கை, அன்றைக்குச் சாப்பிடவில்லை. "ணா, அந்தம்மா ரோட்டுல இன்னாத்துக்கு எறங்குச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"டிரைவரு குடிச்சிருந்தான்" என்றார் நைனா.

மறுநாள் காலையில் வெளியே சத்தம் கேட்டு ஓடினேன். அத்தை நைட்டிமேல் துண்டைக் கட்டிக்கொண்டு, அரிவாளால் வேலியை வெட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எதிர்ப்பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் வகுப்புப் பையன்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அத்த, எல்லாரும் பாக்கறாங்க. உள்ள வா அத்த."

"பாக்கட்டும்" என்றாள். முள் கிழித்து இரண்டு கையிலும் ரத்தம் வழிந்தது.

நைனா வெளியே வந்தார். குரலைத் தாழ்த்தி, "மானம் போவுது, உள்ள போ. ஆளு வெச்சு வெட்டிக்கலாம்" என்றார்.

"ஆளுன்னா யாரு வருவாங்க? அந்தம்மா வூட்டுக்காரருதான வருவாரு? பொண்டாட்டி கை ஒடிஞ்சு படுத்துக்கினு கீது, அந்தாள வுட்டே இத வெட்டச் சொல்லுவியா?"

அத்தை நிறுத்தவில்லை.

"காலனி சனம் நம்ம செவுத்தோரம் நடக்கக் கூடாதுன்னுதான இத வெச்ச? எனுக்குத் தெரியாதா ணா?"

நைனா எதிர்ப்பக்கம் நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சுவரோரம் நடந்தால் சுவருக்கு என்ன ஆகிவிடும் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தை எல்லோர் முன்னாலும் நைனாவை அவமானப்படுத்திவிட்டாள் என்பது மட்டும் விளங்கியது. அன்று மாலை அவள் பஸ் ஏறும்போது நான் டாட்டா காட்டவில்லை.

வேலிக்கு அடியிலிருந்த கற்கள் அப்படியே புதிதாக இருந்தன. மற்ற இடத்தில் எல்லாம் வெளுத்துத் தேய்ந்திருக்க, எங்கள் வீட்டு நீளத்துக்கு மட்டும் நல்ல சிவப்பு.

கட்டுப் போட்ட கையோடு அந்த அம்மா மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிய நாளில் நான் கேட்டில் காத்திருந்தேன். இருவரும் நடைபாதையில் வந்தார்கள். எங்கள் மூலை வந்ததும் ரோட்டில் இறங்கினார்கள்.

"இப்பதான் வெட்டியாச்சே, மேல வா!" என்று தோழியைக் கூப்பிட்டேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா என்னைத் தாண்டி எங்கள் வாசற்கதவைப் பார்த்தார். "இருக்கட்டும் பாப்பா. எங்களுக்கு இதே பழகிப்போச்சு" என்று சொல்லி, மகளை ஓரப்பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் வந்தவர்களும் அப்படியே இறங்கிப் போனார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அத்தை கை கிழிய வெட்டியது யாருக்காக? உள்ளே போய் அம்மாவிடம், "அவங்களுக்கெல்லாம் திமிருமா" என்றேன்.

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "இந்த வார்த்தைய யாருகிட்ட கத்துக்கின?"

அது ஒருவரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய வார்த்தை என்றே எனக்கு அன்று தெரியாது.