மேலே எழுதியதை முதலில் செய்யும்

கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் மிருகங்களுக்குக் குணம் எழுதுவது என் பிழைப்பு. வேலை ஒழுங்காக முடிந்துவிட்டது என்று தோன்றும்போதுதான் இதில் ஏதாவது கோளாறு கிளம்பும், நீங்களும் இந்த அவஸ்தைக்காரர்கள் என்றால் தெரிந்திருக்கும்.

அழகாக அடுக்கினேன்

எங்கள் காட்டு விளையாட்டில் மிருகத்துக்கு ஒரு ஃபைல். தின்பது, குடிப்பது, ஓடுவது, குட்டியைக் காப்பது எல்லாம் வரிவரியாக இருக்கும். விளையாடுகிறவர்களும் திறந்து மாற்றிக்கொள்ளலாம். பல பேர் கைவைத்ததில் வரிகள் கண்டபடி கிடந்தன. எனக்கு அப்படிக் கிடந்தால் பொறுக்காது. எல்லாவற்றையும் ஏ, பி, சி வரிசையில் அடுக்கி வெளியே அனுப்பிவிட்டு, டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் புலி எதிரே நிற்க, மான் நிதானமாகப் புல் மேய்ந்தது. மேலே இருக்கும் வரியைத்தான் மிருகம் முதலில் செய்யும்; நான் அடுக்கியதில் ‘ஈட்’ மேலே ஏறி ‘ரன்’ கீழே போயிருந்தது. எனக்குத் தெரியாதா? அடுக்குகிற சந்தோஷத்தில் மறந்து தொலைத்தேன். டீம் லீடர் திவாரி எட்டிப் பார்த்து இந்தியில் சொன்னார்: "மானைத் திட்டாதே. நம்ம மீட்டிங்ல சமோசா தீராம யாரு எழுந்திருக்கா?"

கோல் மார்க்கெட் போன்

சிரிக்கக்கூட நேரமில்லை. நளினி என்று ஒரு அம்மா, கோல் மார்க்கெட்டில் வீடு, அரசாங்க உத்தியோகம், எங்கள் விளையாட்டில் ஒரு யானைக் கூட்டத்தையே வளர்த்தவர், போனில் வந்தார். குட்டியைப் புலி நெருங்க, தாய் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறதாம். ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்திருந்தார்.

குட்டி பிறந்தது அன்று காலைதான். விளையாட்டில் ஒரு பகல் முடிந்தால்தான் சேவ் ஆகும். கம்ப்யூட்டர் அணைந்தால் குட்டி பிறக்கவே இல்லை என்றாகிவிடும். வெயிலில் கரண்ட் வேறு வருவதும் போவதுமாக இருந்தது. யுபிஎஸ் பத்து நிமிஷம் தாங்குமாம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் மெதுவாகச் சொன்னார்: "இந்தக் குட்டிக்காக ரெண்டு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன், மேடம்."

பத்து நிமிஷம்

யானை ஃபைலைத் திறந்து, குட்டியைக் காக்கும் வரியை உச்சியில் வைத்தேன். பதற்றத்தில் முதலில் கரடி ஃபைலை அனுப்பித் தொலைத்தேன். சரியானது போய்ச் சேர்ந்தபோது அங்கே ஃபேன் சத்தம் நின்றது, யுபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது. ஆட்டத்தை மூடாமலே புது ஃபைலை ஏற்றச் சொன்னேன். அவர் ஏற்றி ஆட்டத்தைத் தொடர்ந்தார். நான் போனைக் காதில் வைத்தபடி முருகா முருகா என்று உட்கார்ந்திருந்தேன்.

தாய் திரும்பியது, புலி ஓடியது, பொழுது சாய்ந்து சேவ் ஆயிற்று என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. போனை வைப்பதற்கு முன் அவர் சொன்னது: "இனிமே உங்க வீட்டு அலமாரியை மட்டும் அடுக்குங்க, மேடம்."

இப்போது அந்த அலமாரியில் புடவைக்கு மேலே மிளகாய்ப்பொடி டப்பா இருந்தாலும், ஏதோ காரணம் இருக்கும் என்று தொடாமல் கதவைச் சாத்திவிடுகிறேன்.