நீரோட்டத்தோடு போகக் கற்ற சார்னெல்

என் தங்கை சார்னெல் எவற்றையெல்லாம் வென்றாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் வந்தால் சீழ் வடியும் இடது காதை வென்றாள். ஆணுக்கென்று தைத்த, முக்குளிக்கும்போது போடும் பழைய ரப்பர் உடையைத் தோளில் பிடித்து, இடுப்பில் வெட்டி ஒட்டி, தன் உடம்புக்குப் பணிய வைத்தாள். தலைமுறை தலைமுறையாகக் கடலில் மீன் பிடித்தும் ஒருவருக்கும் நீந்தத் தெரியாத எங்கள் ஆரன்ட்சே குடும்பத்தின் வழக்கத்தை வென்றாள். "நீந்தத் தெரிஞ்சவன்தான் சாகறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் கஷ்டப்படுவான்" என்பது அப்பாவின் கொள்கை. கடைசியில் அம்மாவை வென்றாள். அதற்குக் கடலே தேவலை.

எங்கள் ஊரான ஹவுட் பேயின் துறைமுகத்தில் ஃப்ளோரிஸ் மாமா படகு வைத்து, முக்குளிக்க வருகிறவர்களைக் கூட்டிப்போகிறார். அவருக்கு நீருக்கடியில் வழிகாட்ட இன்னொரு ஆள் தேவைப்பட்டது. சார்னெல் அமைதியான தண்ணீரில் எத்தனையோ தடவை இறங்கியவள்தான். ஆனால் துறைமுகத்துக்கு வெளியே நீண்டிருக்கும் முனைக்கும் வெள்ளைப் பாறைக்கும் நடுவே ஓடும் நீரோட்டத்தில் இறங்கியதில்லை. அங்கே படகு நங்கூரம் போடாது. ஆள் அடியில் போகிற போக்கில் போக வேண்டும். கையில் கயிறு சுற்றிய உருளை, உருளையிலிருந்து மேலே ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஆரஞ்சு மிதவை. மிதவையைப் பார்த்துக்கொண்டே படகு பின்னால் வரும்.

"கயித்த ஒரு தடவை விட்டாலும் வேலை இல்ல. அழுதாலும் இல்ல, உங்கம்மா வந்து திட்டினாலும் இல்ல" என்றார் மாமா.

அம்மா திட்டப்போவது அதற்கல்ல. நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில் சார்னெலுக்கும் ஓர் இடம் சொல்லி வைத்து, வெள்ளை ஏப்ரனும் ரப்பர் பூட்ஸும் வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை முக்குளிப்பு. தோற்றால் திங்கட்கிழமை ஏப்ரன். அதுதான் பேச்சு.

எங்கள் பக்கம் வெயில் காலத்தில்தான் கடல் அதிகம் குளிரும். தென்கிழக்குக் காற்று மேல்தண்ணீரைத் தள்ளிவிட, அடியில் கிடக்கும் குளிர் மேலே வரும். கரையில் முதுகு எரியும், தண்ணீரில் விரல் மரத்துப்போகும். மரத்த விரலில் உருளை நழுவும். அதை உடையோடு கட்டிக்கொள்ளவும் கூடாது. மிதவையை ஏதாவது இழுத்தால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். அதனால் நான் தொழிற்சாலையில் கேட்டு வாளி வாளியாக ஐஸ் கொண்டுவந்தேன். சார்னெல் முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கையுறையோடு இரண்டு கைகளையும் ஐஸில் புதைத்து, உருளையைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். கயிற்றில் ஐந்து மீட்டருக்கு ஒரு சிவப்புக் கம்பளி நூல் கட்டினேன். ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் இழுத்துப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு மெர்லின் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "என்ன டெல்மா, தங்கச்சிய ஐஸ்ல போட்டு வச்சிருக்க? கிலோ எவ்வளவு?"

"தலையோட வேணுமா, தலை இல்லாமயா?" என்றேன்.

"தலை வேணாம்பா. அதுலதான் திமிரு எல்லாம்."

மெர்லின் சொன்னதில் தப்பில்லை. சார்னெலுக்குக் குளிர் பெரிய இடைஞ்சல் இல்லை, அவளுடைய சண்டைக்குணம்தான் இடைஞ்சல். காற்று அடித்தால் எதிரே போய் நிற்பாள். நீரோட்டத்தில் அப்படி நின்றால் முதுகில் இருக்கும் காற்றுக் கலன் பாதி வழியில் காலி.

மாமா அவளிடம் சொன்னார்: "இத பாரு. மினிபஸ் டாக்ஸில ஏறிட்டா நீயா ஓட்டற? பையப் புடிச்சிக்கிட்டு கம்முனு உக்கார்ற. உன் ஸ்டாப் வந்தா கத்துற. அவ்வளவுதான் இதுவும்."

மறுநாளிலிருந்து அவள் மினிபஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். வளைவையும் மேட்டையும் உடம்பாலேயே உணர்ந்து, இறங்கும் இடத்தில் கத்த வேண்டும். முதல் நாள் மூன்று நிறுத்தம் தள்ளிக் கத்தினாள்.

"செத்தவ மாதிரி இருந்துட்டு இப்ப கத்துறியே, தங்கம், மாரடைப்பு வந்துடும்!" என்றான் கதவில் நின்று காசு வாங்கும் பையன். அடுத்த வாரம் அவன் வாயைத் திறப்பதற்கு முன்னே சரியான இடத்தில் கத்தினாள். வண்டியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அந்த ஞாயிறு காலை இரண்டு பிளாஸ்க் நிரப்பினேன். ஒன்றில் உடம்பு பொறுக்கும் சூட்டில் வெந்நீர். இறங்குவதற்கு முன் ரப்பர் உடைக்குள் கழுத்து வழியாக ஊற்றிக்கொண்டால் முதல் குளிர் தெரியாது. எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். மற்றொன்றில் ஏறி வந்ததும் மடமடவென்று குடிக்க, அதே சூட்டில் டின் பால் கலந்த ரூய்போஸ் தேநீர். இரண்டும் ஒரே மாதிரி என்பதால் வெந்நீர் பிளாஸ்க்கில் நீல நாடா ஒட்டினேன்.

படகுக்குப் பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். தலையில் சர்ச்சுக்குப் போகும் தொப்பி, கையில் பாகில் தோய்த்த கூசிஸ்டர் பலகார டப்பா, கக்கத்தில் அந்த ஏப்ரன்.

"பூசைக்குப் போகலையாம்மா?" என்றேன்.

"உங்களப் பெத்ததுக்கு இங்கயே ஜெபம் பண்ணிக்கிறேன்."

படகில் ஏறியும் விட்டாள். காற்று திரும்புவதற்குள் இறக்கிவிட வேண்டும் என்று மாமா அவசரப்பட்டார். நான் உருளையைக் கடைசியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சார்னெல் கழுத்தை விரித்துப் பிடித்து, "ஊத்துங்க!" என்றாள். அம்மா ஒரு பிளாஸ்க்கை எடுத்துக் கடகடவென்று ஊற்றிவிட்டாள்.

"அம்மா! ஒட்டுதும்மா!"

டின் பால் வாசனை எழுந்தது. நான் பிளாஸ்க்குகளைப் பார்த்தேன். நாடாவைக் காணோம்.

"அழுக்கு மாதிரி ஒட்டியிருந்துச்சு. உரிச்சித் துடைச்சி வச்சேன்" என்றாள் அம்மா.

மாமா சுக்கானைப் பிடித்தபடியே குலுங்கிச் சிரித்தார். "போச்சு! இன்னிக்கு சீல் எல்லாம் வரிசையில நின்னு நக்கப்போகுது!"

"வேணாம்னா இப்பவே சொல்லுடி, திரும்பிடலாம்" என்றாள் அம்மா. குரலில் கொஞ்சம் ஆசை தெரிந்தது.

சார்னெல் முகமூடியை இழுத்து மாட்டினாள். வாய்க்குழாயைக் கடித்துக்கொண்டு பின்புறமாகச் சாய்ந்தாள். மாமாவின் ஆள் மார்செலினோ துணைக்குப் பின்னாலேயே குதித்தான்.

கொஞ்ச நேரத்தில் மிதவை எழுந்து நின்று நகர ஆரம்பித்தது. நாங்கள் பின்னால் போனோம். கடற்பாசித் தோப்பைத் தாண்டும்வரை ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஒரு சீல், மீசை வைத்த கடல்நாய், வந்தது. அதற்கும் தேநீருக்கும் சம்பந்தமில்லை, அவை எப்போதும் வரும். ஆனால் அம்மா என்னை முறைத்தாள். சீல் மிதவையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, லபக்கென்று கவ்வி, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடியது.

"இப்ப இழுப்பா. இழுத்தா கயிறு போச்சு" என்றார் மாமா.

எனக்கும் அதே பயம். போர்வையை நான் ஒரு பக்கம் இழுத்தால், கிழிந்தாலும் மறுபக்கத்தை விடாதவள் அவள்.

கயிறு தளர்ந்தது. நான் கட்டிய சிவப்பு நூல்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அவள் இழுக்கவில்லை! சீல் கேட்கிற அளவுக்குக் கயிற்றை விட்டுக்கொண்டே போனாள். எதிர்த்து இழுக்க ஆளில்லாத விளையாட்டு சீலுக்கு அலுத்துப்போயிற்று. மிதவையைத் துப்பிவிட்டுப் போய்விட்டது. மிதவை ஆடி நின்றது. நூல்கள் திரும்ப ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. உருளை அவள் கையில்தான் இருந்தது.

வெள்ளைப் பாறையைத் தாண்டிய இடத்தில், அவள் இறங்குமுன் மாமா விரல் நீட்டிக் காட்டியிருந்த அதே நீரில், இரண்டு தலைகள் எழுந்தன. சார்னெல் வாய்க்குழாயைத் துப்பிவிட்டு, மினிபஸ்ஸில் கத்துவதுபோலக் கத்தினாள்: "டிரைவர், இங்க இறக்கம்!"

ஏற்றியபோது உதடு நீலம் பாரித்திருந்தது. பற்கள் தந்தியடித்தன. "டீ குடுக்கா."

"டீ உன் முதுகுல இருக்கு" என்று அம்மா வெந்நீரை நீட்டினாள். ஒரு கூசிஸ்டரை அவள் வாயில் திணித்தாள். பிறகு கக்கத்திலிருந்த ஏப்ரனை உதறி, அதாலேயே அவள் கழுத்தில் பிசுபிசுத்ததைத் துடைத்தாள்.

மாமா மிதவையை இழுத்துப் போட்டுப் பல் தடத்தைத் தடவிப் பார்த்தார். அவர் படகிலிருந்து இந்த நீரோட்டத்தில் போய் முழுசாக வந்தவர்கள் எல்லாரும் அந்த மிதவையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் அதில் பேனா வைக்க முடியாது. அவர் பெயிண்ட் பேனாவை நீட்டினார்.

அதுவரை சார்னெல் எங்கே கேட்டாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல எழுத்தெழுத்தாகப் பெயர் எழுதுவாள். கையெழுத்து என்று ஒன்று அவளுக்கு இருந்ததில்லை. அன்று மரத்த விரல்களில் பேனா நிற்காமல் ஒரே இழுப்பில் ஓடியது. பல் தடத்தைச் சுற்றிக்கொண்டு போய் வாலைச் சுழற்றி நின்றது. அதன் கீழே தேதியை நான் எழுதினேன்: 2015 மார்ச் 15.