ஒரு தெருவுக்கு மட்டும் ஏழு

நிலநடுக்க ஆய்வு மையத்தில் அவருக்குக் கேள்விக்காரர் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றவர்கள் கருவிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவர் ஒரு கட்டுப் படிவங்களையும் இரண்டு பேனாக்களையும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார். எங்கேயாவது பூமி ஆடினால் மறுநாள் காலை அவர் அங்கே நிற்பார். "ஆடினப்போ நின்னுட்டிருந்தீங்களா, உட்கார்ந்திருந்தீங்களா, படுத்திருந்தீங்களா?" என்று தொடங்குவார். தொங்குகிற விளக்கு ஆடியதா, வாளியில் தண்ணீர் தளும்பியதா, அலமாரியிலிருந்து ஏதாவது விழுந்ததா, வெளியே ஓடினீர்களா. மொத்தம் முப்பத்திரண்டு கேள்விகள்.

"அதான் மெஷின் எல்லாத்தையும் அளக்குதே, அப்புறம் எங்ககிட்ட என்ன விசாரணை?" என்று கேட்காத வீடு கிடையாது. அவரும் அலுக்காமல் பதில் சொல்வார். பூமிக்கு அடியில் பாறை எவ்வளவு தூரம் உடைந்து நகர்ந்தது என்பதற்கு ஓர் அளவு உண்டு. ஒரு நடுக்கத்துக்கு அது ஒன்றுதான். அந்த ஆட்டம் ஒவ்வொரு இடத்திலும் எப்படி உறைத்தது என்பது வேறு. அதற்குத்தான் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள். "ஒலிபெருக்கி ஒண்ணுதான். பக்கத்துல இருக்கறவனுக்குக் காது கிழியும், நாலு தெரு தள்ளி இருக்கறவன் பாட்டுக்குத் தலையாட்டுவான். நான் அவங்கவங்க காதுகிட்ட வந்து கேக்கறேன், அவ்வளவுதான்" என்பார்.

மனிதர்கள் கூட்டியும் சொல்வார்கள், குறைத்தும் சொல்வார்கள் என்பதை முதல் வருடத்திலேயே தெரிந்துகொண்டார். "வீடே பம்பரமா சுத்துச்சு சார்" என்பவரின் கண்ணாடி அலமாரியில் கோப்பைகள் அடுக்கிய மேனிக்கே இருக்கும். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர், வாசல்படியில் இடறி விழுந்த முழங்காலில் கட்டோடு உட்கார்ந்திருப்பார். அதனால் கேள்வி கேட்கும்போது அவர் கண் ஆளிடம் நிற்காது; சுவர், தரை, பரண், சாமான் என்று மேயும். பொருள்களுக்குப் பயமும் இல்லை, பெருமையும் இல்லை என்று சக ஊழியர்களிடம் சொல்வார்.

இருபத்தொரு வருடம் இப்படி ஓடியது. அதற்குள் அவர் ஒரு நடுக்கத்தையும் தானே உணர்ந்ததில்லை. அவருடைய ஊரே ஆடிய அன்றுகூட, வேறொரு மாவட்டத்தில் வேலையை முடித்துக்கொண்டு ரயிலில் வந்துகொண்டிருந்தார். காலை பத்தே முக்கால் மணி. ஸ்டேஷனில் இறங்கியபோது எல்லோரும் நடைமேடையில் கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன விஷயம் என்று அவர்தான் கேட்க வேண்டியிருந்தது.

நல்லவேளையாக உயிருக்கு ஆபத்தில்லை. பத்து நாள் நடந்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது படிவங்கள் நிரப்பினார். ஊர் முழுக்க ஐந்துதான் வந்தது: எல்லோரும் உணர்ந்தார்கள், சில பாத்திரங்கள் விழுந்தன, விரிசல் பெரிதாக இல்லை. பஸ் பணிமனைக்குப் பின்னால் அரிவாள் போல வளைந்து போகும் ஒரு தெருவில் மட்டும் கதை வேறாக இருந்தது. நாற்பத்து மூன்று வீடுகள். நிற்க முடியவில்லை என்றார்கள். கைப்பிடிச் சுவர்கள் சாய்ந்திருந்தன. தையல்காரரின் கடையில் இரும்பு மிஷின் கதவு வரை நடந்து போயிருந்தது. அந்தத் தெருவுக்கு ஏழு. அதை ஒட்டிய இரண்டு தெருக்களுக்கும் ஐந்து.

மையத்தின் பிரிவுத் தலைவி, அவர் எண்களைக் குறித்துக் கொடுத்த ஊர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன சார் இது, நடுவுல ஒரு தெரு மட்டும் துருத்திக்கிட்டு நிக்குது? நிவாரணம் வரும்னு எல்லாரும் பேசி வச்சுச் சொல்றாங்களோ?"

"பேசி வச்சுச் சொல்லலாம் மேடம். பேசி வச்சு மிஷினை நகர்த்துவாங்களா?"

"காரணம் வேணும். காரணமில்லாம இதை நான் மேல அனுப்பினா, என்னைக் கேள்வி கேப்பாங்க."

காரணத்தைத் தேடி மறுபடி போனார். தெருக்கோடியில் ஒரு லேத் பட்டறை. பட்டறைக்காரர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "மிஷினுக்கு அடித்தளம் போடத் தோண்டினேன் சார். ரெண்டாள் ஆழம் போயும் கெட்டி மண்ணே வரல. கறுப்பா, பிசுபிசுன்னு சேறு. நத்தை ஓடு வேற. எதிர்த்த தெருவுல முழங்கால் ஆழத்துலயே பாறை."

நத்தை ஓடு என்ற சொல் கேள்விக்காரரைப் பிடித்துக்கொண்டது. நில அளவை அலுவலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து பழைய வரைபடங்களைப் புரட்டினார். நூறு வருடத்துக்கு முந்தைய தாளில், இன்று தெரு வளைகிற அதே இடத்தில், அதே வளைவில், ஓர் ஆற்றின் கிளை நீல மையில் ஓடியது. பிறகு யாரோ தூர்த்து மனை போட்டிருக்கிறார்கள். பாறையில் விறுவிறுவென்று வருகிற அலை, தளர்ந்த ஈர மண்ணில் நுழைந்ததும் வேகம் குறைகிறது. வேகம் குறையக் குறைய வீச்சு பெரிதாகிறது. அதோடு, சுற்றியிருக்கும் பாறையில் மோதித் திரும்பி, வெளியே போகத் தெரியாமல் அதற்குள்ளேயே அலைக்கழிகிறது. ஊர் அடங்கிய பிறகும் அந்தத் தெரு மட்டும் ஆடிக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம். புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். தன் ஊரில், ஒரு தெரு அகலத்தில் பார்ப்பது அவருக்கு அதுவே முதல் முறை.

ஒரு வீடு மட்டும் பாக்கி இருந்தது. பத்தொன்பதாம் எண். அவருடைய அக்கா வீடு. அங்கே போவதைக் கடைசி வரை தள்ளிப் போட்டிருந்தார்.

அக்கா வீட்டில் மாடி கட்டுவதற்கு நகராட்சியில் வரைபடம் கொடுத்திருந்தார்கள். மகளும் மருமகனும் வந்து தங்குவதற்காக. தெருவில் யார் யார் என்ன சொன்னார்கள் என்பது அக்காவுக்கு அத்துப்படி. தம்பியின் பையைப் பார்த்ததுமே அவள் முகம் மாறியது.

"இங்க ஒண்ணுமே ஆகலடா. நான் சமையல்கட்டுல இருந்தேன். லேசா ஏதோ லாரி போன மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான், எழுதிக்கோ."

"ஏதாவது விழுந்துச்சாக்கா?"

"ஒரு ஸ்பூன்கூட விழல."

அவர் எழுதிக்கொண்டார். கண் மட்டும் பழக்கதோஷத்தில் அறையைச் சுற்றியது. சுவரோரம் நின்ற மர பீரோவுக்கு முன்னால், தரையில் இரண்டு சதுரங்கள் பளிச்சென்று தெரிந்தன. வருடக்கணக்காக பீரோவின் முன்கால்கள் மறைத்திருந்த இடம். இப்போது கால்கள் ஒரு சாண் பின்னால் இருந்தன. நகர்ந்ததைத் தள்ளி வைத்தவர்கள் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டார்கள். மாடிப்படி ஓரத்தில் புதுச் சிமெண்ட் பூச்சு, இன்னும் ஈரம் காயாமல், ஒரு கோடாக மேலே ஏறியது.

அக்காவின் கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "மாப்ள, அவதான் சொல்றாளே. நம்ம வீட்டு விஷயம். பாத்து எழுது."

"பாத்துதான் மாமா எழுதறேன்" என்றார் கேள்விக்காரர்.

படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. வீட்டார் சொன்னது என்ற இடத்தில் அக்கா சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதினார். களப்பணியாளர் கண்டது என்ற இடத்தில் பீரோவையும் பூச்சையும் எழுதினார். கையெழுத்துப் போட்டார். வழியில் பணிமனை வாசலில் நின்று ஒரு தேநீர் குடித்தார். ஆறிவிட்டிருந்தது, இருந்தாலும் குடித்தார்.

நடுக்க வரைபடம் மேலே போனது. நாலு மாதத்தில் நகராட்சிக்கு வந்தது. அந்தத் தெருவில் புது மாடி கட்டுவதானால் மண் பரிசோதனை வேண்டும், அடித்தளம் பலப்படுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அக்காவின் விண்ணப்பம் திரும்பி வந்தது. மகள் ஊரின் மறுகோடியில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டாள்.

அக்கா தொலைபேசியில் ஒரே ஒரு முறை பேசினாள். "ஊரெல்லாம் அஞ்சு. கூடப் பொறந்தவ வீட்டுக்கு ஏழு. நல்லா இருடா."

அதன் பிறகு மூன்றரை வருடம் பேச்சு இல்லை. கல்யாண வீடுகளில் பார்த்தால் அக்கா வேறு வரிசைக்கு நகர்ந்து உட்காருவாள். இவர் வீட்டில் மனைவி, "ஒரு வீட்டுப் படிவத்தைத் தொலைச்சிருந்தா பூமி என்ன பொளந்தா போயிருக்கும்?" என்று கேட்டாள். அதற்கு அவரிடம் பதில் இருந்தது. ஆனால் அது மனைவியிடம் சொல்கிற மாதிரியான பதில் இல்லை. அறுநூறில் ஒன்று பொய்யென்று தனக்குத் தெரிந்தால், மீதி ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதை எந்த முகத்தோடு அடுக்குவது என்பதுதான் அது.

பேச்சைத் திரும்பக் கொண்டுவந்தது நிலநடுக்கம் இல்லை. மாமா குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் முறை போட்டுப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. கேள்விக்காரர் யாரும் கூப்பிடாமலே போய்க் காலை முறையை எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அக்கா வந்து டிபன் பாக்ஸை நீட்டினாள். "சாப்ட்டியா?" என்றாள். "இல்லக்கா" என்றார். முடிந்தது விஷயம். பழசை யாரும் தொடவில்லை.

அடுத்த வருடம் மையத்துக்கு ஆறு புதுக் கருவிகள் வந்தன. ஒன்றை எதிர்ப் பக்கம் பாறைமேல் நிற்கிற பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். இன்னொன்றை அந்த வளைந்த தெருவில், சந்தடி இல்லாத ஒரு தரைத்தள அறையில் வைக்க வேண்டும். கேள்விக்காரர் வாயைத் திறக்கவில்லை. பிரிவுத் தலைவியே பட்டியலைப் பார்த்துப் பத்தொன்பதாம் எண்ணைத் தேர்ந்தெடுத்து, நேரில் போய்க் கேட்டார். என்ன தோன்றியதோ, அக்கா சரி என்றுவிட்டாள்.

பிரஷர் குக்கர் அளவில் ஒரு பெட்டி, மாடிப்படிக்கு அடியில், தரையோடு திருகி வைக்கப்பட்டது. ஒரு வாரத்தில் அக்கா அதற்குக் காவல்காரி ஆனாள். பேரப்பிள்ளைகள் படியில் குதித்தால், "டேய், ஆபீஸ்ல பூகம்பம்னு நினைச்சுக்கப் போறாங்க" என்று அதட்டுவாள். மிக்ஸி ஓடவிடலாமா என்று தம்பிக்குத் தொலைபேசி செய்து அனுமதி வாங்கினாள்.

ஏழு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சிறியதாக ஒரு நடுக்கம் வந்தது. சேதம் எதுவும் இல்லை. கேள்விக்காரர் மறுநாள் படிவங்களோடு பத்தொன்பதாம் எண்ணுக்குப் போனார். இன்னொரு தாளும் கொண்டுபோயிருந்தார். அதில் இரண்டு கோடுகள். பள்ளிக்கூடத்துக் கோடு கொஞ்சம் துடித்துவிட்டு அடங்கியது. படிக்கட்டுக் கோடு அதைப்போல மூன்று மடங்கு உயரத்துக்கு எழுந்து, பள்ளிக்கூடம் ஓய்ந்த பிறகும் இருபது நொடி ஆடியது.

அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது நம்ம வீடா?"

"ஆமாக்கா."

"ஒரே சமயத்துலயா?"

"ஒரே ஆட்டம்தான். மண்ணுதான் வேற."

அவள் இரண்டு கோடுகளின் மேலும் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்ப மாடி கட்டவே முடியாதா?" என்றாள்.

"முடியாதுன்னு நான் என்னைக்குக்கா சொன்னேன்? சேத்தைத் தாண்டிக் கெட்டி மண்ணு வரைக்கும் தூண் இறக்கணும். இறக்கிட்டுக் கட்டலாம்."

"இதை அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"நீதான் போனை வச்சுட்டியே."

அவர் படிவத்தை எடுத்தார். அக்கா கேள்விக்குக் காத்திராமல் தொடங்கினாள். "காய் நறுக்கிட்டிருந்தேன். தொங்குற கரண்டியெல்லாம் ஆடுச்சு. கத்திய கையில வச்சுக்கிட்டே வாசலுக்கு ஓடினேன், எழுது. பக்கத்து வீட்டம்மா என்னைப் பாத்துதான் அதிகமா பயந்துட்டாங்க, அதையும் எழுது."

அதற்கு எந்தக் கேள்வியிலும் இடமில்லை. குறிப்பு என்ற பகுதியில் எழுதிக்கொண்டார்.

இரண்டு வருடத்தில் மாடி எழுந்தது. துளையிடுகிற இயந்திரம் ஒன்பது மீட்டர் வரை கறுப்புச் சேற்றையே கொண்டுவந்தது. தெருவே கூடி நின்று பார்த்தது. மகள் குடும்பம் மேலே வந்துவிட்டது. தெருவில் இன்னும் நாலு வீட்டார் அதே மாதிரி தூண் இறக்கினார்கள். மற்றவர்கள் செலவு தாளாது என்று இருக்கிறபடியே இருந்துவிட்டார்கள்.

மாமாவுக்கு மட்டும் மனம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஊன்றுகோலோடு வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களிடம், "நம்ம தெருவுக்கு ஏழுங்கறது அதிகம். ஆறரை போட்டிருக்கலாம்" என்பார். அந்த அளவுகோலில் அரை கிடையாது என்று கேள்விக்காரர் இரண்டொரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.