கங்கையம்மாளின் கடைவாய்ப் பல்

சிட்டிபாபுவின் வலது கன்னத்தில் கங்கையம்மாள் காதை ஒட்ட வைத்துக்கொண்டு நிற்கிறார்.

“ம், இப்ப கடிய்யா.”

சிட்டிபாபு கடிக்கிறார்.

“மெதுவா. மாடு அசை போடற மாதிரி போடாதே. ஒரு கடி, நிறுத்து. அப்புறம் ஒரு கடி.”

கணவருக்கு ஐம்பத்தேழு வயது, மனைவிக்கு ஐம்பத்திரண்டு. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இரண்டு பேரும் இவ்வளவு நெருக்கமாக, அதுவும் பட்டப்பகலில் நின்று பார்த்ததில்லை என்று கூடமாட உதவிக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கும் காவேரி சொல்கிறார். “நீ கம்னு பிசைடி” என்கிறார் கங்கையம்மாள், கன்னத்திலிருந்து காதை எடுக்காமல்.

சிட்டிபாபுவின் வாயில் இருப்பது முறுக்கு. அது தேறுமா தேறாதா என்பதை மனைவி அவருடைய தாடை வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

செவிலிமேட்டில் டவுன் பஸ் திரும்பும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது அந்தத் தகரக் கொட்டகை. பெயர்ப் பலகை கிடையாது. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் ஒரு கல்யாணச் சீர்வரிசைத் தட்டில் முறுக்கு இருந்தால், “கங்கையம்மா போட்டதா?” என்று கேட்ட பிறகுதான் சம்பந்தி வீட்டார் கை நீட்டுவார்கள். தென்னேரியில் பிறந்து, ஏரிக்கரை நிலத்தில் நாற்று நட்டு, கல்யாணமாகி இங்கே வந்து, இருபத்திரண்டு வருஷமாக வாணலி முன்னால் நிற்பவர். அவர் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தால் எங்கே உட்கார வைப்பது என்று யோசிக்கிற குடும்பங்கள்கூட அவருடைய முறுக்கை நடுத்தட்டில் வைக்கின்றன. முறுக்குக்கு அந்தச் செல்வாக்கு உண்டு.

ஓர் அண்டா மாவில் நூறு முறுக்கு தேறும். அந்த நூறில் ஒன்றை ஆறவைத்துக் கடிப்பார். கடிப்பதற்கு முன்னால் காவேரி சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுப்பார்: “குரு, ரெண்டு நிமிஷம் நிறுத்துப்பா. அக்கா கடிக்கப் போவுது.” பக்கத்து வீட்டுக் குருவின் பட்டுத்தறி நிற்கும். தேர்தல் ஒலிபெருக்கிக்கும் கருடசேவைக் கூட்டத்துக்கும் நிற்காத தறி அது.

சத்தம் அடங்கியதும் கடைவாயில் ஒரே கடி. கண் மூடும். பிறகு தீர்ப்பு வரும். “எண்ண குடிச்சிருக்குது.” “வெண்ண தூக்கல், தட்டுல வைக்கும்போதே உதிரும்.” “இது இன்னிக்கு நல்லாத்தான் இருக்கும். மூணாம் நாள் நமுத்துடும்.” இந்தக் கடைசித் தீர்ப்பில்தான் எனக்குப் புல்லரிக்கும். நாமெல்லாம் தின்கிற முறுக்கைத்தான் தின்கிறோம். அவர் நாளை மறுநாளைய முறுக்கைத் தின்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஓரிக்கை மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், “எனக்கு நல்லாத்தான் இருக்குது, குடும்மா” என்று, கங்கையம்மாள் கழித்த முறுக்கை அடம்பிடித்து வாங்கிப்போனார். மூன்றாம் நாள் தட்டில் முறுக்கு வளைந்ததாம். அவர் இப்போதும் இந்தப் பக்கம் வருகிறார், ஆனால் பேசுவதில்லை.

இப்படிக் கடித்துக் கடித்தே கங்கையம்மாளின் கீழ்க் கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாக விரிசல் விட்டு விழுந்தன. கடைசியாக வலப்பக்கத்தில் ஒன்று மிஞ்சியிருந்தது. போன வருஷம் கார்த்திகையில், கல்லாகிப்போன ஒரு முறுக்கை “கல்லு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அதுவும் உடைந்தது. கழற்றி மாட்டுகிற பல்செட்டைப் போட்டுப் பார்த்தார். “அது போடற சத்தத்துல முறுக்கு போடற சத்தம் காதுல விழல” என்று கழற்றி டம்ளரில் வைத்துவிட்டார். முன்பற்கள் இருக்கின்றனவே என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “முன்பல்லு சேதி சொல்லும். கடவாப்பல்லுதான் தீர்ப்பு சொல்லும்.”

காஞ்சிபுரத்தில் இப்போது பட்டுக்கடைக்கு அடுத்தபடியாகப் பல் ஆஸ்பத்திரிகள்தான் அதிகம். இரண்டின் பலகையிலும் ஒரே பெண்தான் சிரிக்கிறாள். அவற்றில் ஒன்றில் இருக்கிறார் டாக்டர் வேணுகோபால். முறுக்குப் பிரியர். கங்கையம்மாளின் தாடையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பல் நடுவதற்கு முன் எலும்பு நடவேண்டும் என்றார். பல் போன இடத்தில் வேலை இல்லாததால் எலும்பு கரைந்துவிட்டது, திருகாணியை எதில் முடுக்குவது என்றார். கங்கையம்மாள் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். “நம்ம பாலாறு மாதிரி ஆயிட்டுது. கரை இருக்குது, உள்ள ஒண்ணுமில்ல.”

அதற்கப்புறம் ஊருக்கு ஒரே கேள்வி: எந்த எலும்பு? வடகலையா தென்கலையா என்று நாமத்தின் வளைவுக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுப் படி ஏறிய ஊர் இது, தாடைக்குள் போகிற எலும்பின் பூர்வீகத்தை விட்டுவிடுமா? மாட்டு எலும்பைப் பொடி செய்து வைப்பார்களாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சைவக் கல்யாணங்களுக்கு முறுக்குப் போடுகிற வாய் ஆயிற்றே என்று வாடிக்கைக்காரர்கள் கவலைப்பட்டார்கள். கங்கையம்மாள் ஆளுக்கு ஒரு பதில் சொன்னார். ஒருவரிடம் யானை. இன்னொருவரிடம், “உன்னுதுதான். நீ தூங்கும்போது எடுத்துக்கினாங்க.” உண்மையில் டாக்டர் அவருடைய தாடையின் பின்மூலையிலிருந்தே ஒரு சில்லை எடுத்து, கரைந்துபோன இடத்தில் வைத்துத் தைத்தார். “லோக்கல் டிரான்ஸ்பர்” என்றார் கங்கையம்மாள். “வெளியூர்க்காரன் யாரும் வரல.”

தையில் எலும்பு வைத்தார்கள். ஆனிக்குள் அது ஒட்டிக்கொண்டது. அந்தப் படத்தை நானும் பார்த்தேன். முன்பு வெறும் கறுப்பாக இருந்த இடத்தில், விடியற்காலைப் பனி இறங்கினாற்போல் ஒரு வெள்ளை. முறுக்குக்குப் பதிலாக மோர்ச்சோறு மட்டும் சாப்பிட்ட ஒரு பெண்மணி யாருக்கும் தெரியாமல் உள்ளுக்குள்ளே எலும்பு வளர்த்திருக்கிறார். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற மாதிரி அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரும் அப்படித்தான் பார்த்தார், அவருக்கு அது தினசரிப் பிழைப்பு என்றாலும். கங்கையம்மாள் மட்டும் “மணி ஆவுது சார்” என்றார்.

ஆனியில் அந்த எலும்பில் இரண்டு டைட்டானியத் திருகாணிகள் ஏறின. ஐப்பசியில் அவற்றின் தலையில் பீங்கான் தொப்பி. ஆக மொத்தம் பத்து மாதம். “புள்ளையே பெத்திருக்கலாம்” என்றார் சிட்டிபாபு. அந்தப் பத்து மாதமும் கடைகளுக்கான பாக்கெட் முறுக்குக்கு அவருடைய கன்னம்தான் கதி. கல்யாண முறுக்கு மட்டும் கிடையாது என்று கங்கையம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். “அது எம்பேர்ல போவுது. என் வாய்க்கே தெரியாம எப்டி அனுப்பறது?”

புதுப் பல் வந்ததும் டாக்டர் ஓர் அச்சடித்த தாள் கொடுத்தார். தவிர்க்க வேண்டியவை என்ற தலைப்பின் கீழ் முதல் சொல்லே முறுக்கு. அந்தத் தாள் எண்ணெய் வடிப்பதற்கு ரொம்ப உபயோகமாக இருந்தது என்று காவேரி சொன்னார்.

ஆனால் பல் பேசவில்லை. உடைக்கிறது, அரைக்கிறது, எல்லாம் செய்கிறது. தீர்ப்பு மட்டும் வரவில்லை. “பக்கத்து வூட்ல யாரோ கடிக்கிற மாதிரி இருக்குது சார்” என்று டாக்டரிடம் போய் நின்றார். டாக்டர் உட்காரவைத்து விளக்கினார்: சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார் மெத்தை ஒன்று உண்டு, கடினம் மிருது எல்லாம் அதுதான் மூளைக்குச் சொல்கிறது. நட்ட பல்லுக்கு மெத்தை கிடையாது, நேரே எலும்பிலேயே இறுகிவிட்டது. நாளாக ஆக எலும்பே கொஞ்சம் கொஞ்சமாக உணரப் பழகும், ஆனால் எவ்வளவு என்று உறுதி சொல்ல முடியாது.

கங்கையம்மாள் யோசித்தார். “அப்போ பாயும் இல்லாம வெறுந்தரையில படுத்துக்கினு இருக்குது.”

“அப்படித்தாம்மா.”

“வெறுந்தரையில படுத்தா நடை சத்தம் தூரத்துலருந்தே கேக்குமே சார்.”

டாக்டர் முப்பது வருஷம் படித்ததிலும் தொழில் செய்ததிலும் இப்படி ஒருவரும் சொன்னதில்லை என்று என்னிடம் பிற்பாடு சொன்னார்.

அன்றிலிருந்து பாடம் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். காவேரி ஒவ்வொன்றாக நீட்டுவார். ரஸ்க், வடாம், வெள்ளரிக்காய், பொட்டுக்கடலை. முதல் வாரம் ரஸ்கை அப்பளம் என்றார். இரண்டாம் வாரம் நேற்றைய அப்பளத்தை இன்றைய அப்பளம் என்றார், அதற்காக ஒரு வேளை சாப்பிடவில்லை. இதற்கிடையில் சிட்டிபாபுவின் கடைவாயும் குடைய ஆரம்பித்தது. பத்து மாதமாக இரண்டு பேருக்காகக் கடிக்கிற பல், என்ன செய்யும் பாவம். அடுத்த வாரம் பிடுங்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“இவுருதும் போச்சுன்னா நான் யார் கன்னத்துல போயி காது வைக்கிறது?” என்றார் கங்கையம்மாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த வாரமே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். டாக்டரின் மகள் ஜோதிகாவுக்குச் செவ்வாய்க்கிழமை நிச்சயதார்த்தம். அந்த முறுக்கைத் தானே போட்டு, தன் பல்லாலேயே கடித்துப் பார்ப்பது. பல் சொன்னால் சரி. சொல்லாவிட்டால் இனிமேல் கல்யாண முறுக்கே இல்லை, பாக்கெட் முறுக்கோடு சரி. “தெரியாம தலையாட்ட எனக்கு வராதுப்பா.”

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் முறுக்கை எடுத்துப்போக வந்துவிட்டார். கட்டம் போட்ட சட்டை, ஆஸ்பத்திரியில் காணாத சிரிப்பு. மூங்கில் தட்டில் நூறு முறுக்கு ஆறிக்கொண்டிருந்தது. அவர் பொறுக்கவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்தார்.

“கங்கைம்மா, ஃபர்ஸ்ட் கிளாஸ்.”

காவேரி ஒன்று தின்றார், தலையாட்டினார். சிட்டிபாபு வலியில்லாத பக்கமாகத் தின்று, “சோக்கா வந்துருக்குது” என்றார். நானும் தின்றேன். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. வாயில் போட்டால் நொறுங்கி, எள் மணந்து, சுத்தமாக இறங்கியது.

கங்கையம்மாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். காவேரி சுவரருகே போய்க் குரல் கொடுத்தார். தறி நின்றது. சிட்டிபாபு பழக்கதோஷத்தில் கன்னத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் நீட்டினார். கங்கையம்மாள் அதைப் புறங்கையால் மெல்லத் தள்ளினார்.

வலப்பக்கம் ஒரு கடி. கண் மூடியது.

டவுன் பஸ் ஒன்று திரும்பிப் போனது. அது போய் முடியும் வரை தாடை அசையவில்லை. பிறகு இரண்டாவது கடி. நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. ஊசி போடுகிறபோதுகூட அந்தக் கோட்டைப் பார்த்ததில்லை என்றார் டாக்டர், என் காதருகே. மூன்றாவது கடி. அவருடைய வலக்கை முழங்காலைப் பிடித்திருந்தது.

கண் திறந்ததும் காவேரியைப் பார்த்தார்.

“உளுந்து எப்ப வறுத்தே?”

“நேத்து சாயங்காலம்தான்கா. செவக்கத்தான் வறுத்தேன்.”

“எல்லாத்தையுமா?”

காவேரி தட்டைப் பார்த்தார். “கடைசி ஒரு படி... காஸ் தீந்துபோச்சுக்கா. அடுப்பு அணையற சூட்டுலயே பொரட்டி வுட்டுட்டேன். நல்லாத்தான் இருந்துது.”

“இன்னிக்கு நல்லாத்தான் இருக்கும்” என்றார் கங்கையம்மாள். “செவ்வாக்கிழம நமுத்துடும்.”

சுவருக்கு அந்தப் பக்கம் குரு இன்னும் தறியைத் தொடவில்லை. சிட்டிபாபு மட்டும் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு மெதுவாகப் பின்னால் போய் உட்கார்ந்தார், வேலையிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்டவர் போல.

“நாளைக்கு காலையில வேற போட்டுத் தரேன் சார்” என்று சொல்லியபடி கங்கையம்மாள் எழுந்தார். மூலையிலிருந்த வாளியை இழுத்து, மூங்கில் தட்டை இரண்டு கையாலும் தூக்கி, எல்லாவற்றையும் அதில் கவிழ்த்தார். பால்காரி வள்ளியின் மாடுகளுக்குப் போகும். சலசலவென்று அத்தனை அழகான ஒரு சத்தம். அப்புறம் கை தட்டி மாவை உதறிவிட்டு டாக்டர் முன்னால் வந்து நின்றார். டாக்டர் கையில் இன்னும் பாதி முறுக்கு இருந்தது.

கங்கையம்மாள் உள்ளங்கையை நீட்டினார். டாக்டர் ஒரு நொடி முறுக்கைப் பார்த்தார், ஒரு நொடி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மென்றுகொண்டிருந்ததை நிறுத்தி, மிச்சத்தை அதில் வைத்தார்.