ஆண்டாய்வுக்கு வராத பிள்ளை

கல்வி அதிகாரி வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கும் ஆண்டாய்வு என்றால் எங்கள் பள்ளியில் கல்யாண வீடு மாதிரி. சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், கழிப்பறைக்குப் புது வாளி வரும். கணக்கு ஆசிரியையான நான் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்ப்பேன். அந்த வாரம் எந்தப் பிள்ளையும் புதிதாக எதையும் கற்காது. அதற்குக் கற்றல் மேம்பாடு என்று நாங்களே பெயர் வைத்துக்கொள்வோம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பாடத்தில் தடுமாறுகிற பிள்ளைகளை அன்றைக்கு வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுவது. அதிகாரி எழுப்பிக் கேள்வி கேட்டு, அவர்கள் திருதிருவென்று முழித்தால் பள்ளியின் மானம் கப்பலேறிவிடுமாம்.

அந்த வருடம் பத்தாம் வகுப்பில் ஒரு பெண். அவளுடைய அம்மாவும் அப்பாவும் பக்கத்துக் கோழிப்பண்ணையில் வேலை பார்த்தார்கள், குடியிருப்பும் அங்கேயேதான். ஜூனில் வாய்பாடே தகராறு. மாலையில் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். பொங்கலுக்குள் இருபடிச் சமன்பாடு போட்டாள். மெதுவாக, அழித்து அழித்துத்தான் போடுவாள். ஆனால் விடை சரியாக வரும். இவள் தேறிவிடுவாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆண்டாய்வுக்கு முந்தின நாள் தலைமையாசிரியரிடம் போய், அவள் மட்டுமாவது வகுப்பில் இருக்கட்டும் என்று கேட்டேன்.

“ஏனுங்க டீச்சர், அந்தப் புள்ள ஒரு கணக்கப் போட அரை மணி நேரம் ஆக்குமுங்க. ஆபீசர் அதுவரைக்கும் நிப்பாருங்களா?” என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. சுற்றிலும் விடுதியோடு கூடிய பெரிய தனியார் பள்ளிகள்; அவர்கள் வைக்கும் மதிப்பெண் பேனர்களைப் பார்த்துப் பார்த்தே மனிதர் பயந்துபோயிருந்தார். அவளைக் கூப்பிட்டு என் முன்னாலேயே, “சாமி, நாளைக்கு ஊட்டுலயே இருந்துக்க. நம்ம பள்ளிக்கோடத்துக்கு நல்லது,” என்றார். திட்டியிருந்தால்கூட அவள் மறந்திருப்பாள். அவர் அன்பாகச் சொன்னார்.

ஆய்வு அமர்க்களமாக முடிந்தது. அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார். எல்லோருக்கும் கேசரி கிடைத்தது.

பொதுத்தேர்வில் தமிழும் ஆங்கிலமும் எழுதினாள். கணக்குத் தேர்வன்று வரவில்லை. வருவாள், வருவாள் என்று கேட் மூடும்வரை நின்றேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனால், அட்டையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

“ஏஞ் சாமி வரல?”

“கணக்குல நான் பெயிலாயிட்டா நம்ம பள்ளிக்கோடத்துக்குத்தானுங்க டீச்சர் கெட்ட பேரு. எழுதலைன்னா பெயிலானவங்க எண்ணிக்கையில வராதாமுங்க. அதான் இருந்துக்கிட்டேன்.”

ஆய்வன்று வீட்டில் இருந்த மற்ற பிள்ளைகளெல்லாம் தேர்வுக்கு வந்திருந்தார்கள். சொன்னதை மனதில் வாங்கிக்கொண்டவள் இவள் ஒருத்திதான். துணைத்தேர்வுக்குக் கூப்பிடலாம் என்று போனபோது, குடும்பம் பல்லடம் பக்கம் வேறு பண்ணைக்குப் போய்விட்டிருந்தது. போன் எடுக்கவில்லை.

தலைமையாசிரியரிடம் சொன்னேன்.

“நான் ஆண்டாய்வுக்கு மட்டுந்தானுங்க டீச்சர் சொன்னேன்.”

“அது அவளுக்கு எப்படிங்க சார் தெரியும்?”